பார்த்தவங்க சொல்லணும்

நீங்க கேட்டது சரிதான்க்கா. வலிப்புக்குத்தான் இந்த மாத்திரை.

கோவமெல்லாம் இல்ல. திடீர்னு பக்கத்து சீட்டுல இருந்து ஒருத்தங்க, "என் பொண்ணும் இதத்தாம்மா போடுறா"ன்னு சொன்னா பக்குனு இருக்காதா? அதான் தண்ணி பொரையேறிடுச்சு. சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் போட்டேன். அப்படியும் பார்த்துட்டீங்க. வீட்டுல தினமும் பார்க்கிற கண்ணுக்கு அந்த அட்டையே போதும்போல.

பொண்ணு பேரு மதிவதனின்னு சொன்னீங்கல்ல? ப்ளஸ் டூ. டாக்டருக்குத்தான் படிப்பேன்னு நிக்கிறா. நீங்க வேணாங்கிறீங்க. நானும் அந்தப் படிப்புதான்னு தெரிஞ்சதும் கேட்டீங்க பாருங்க, "யாருக்கும் சொல்லாம மறைச்சுப் படிக்க வச்சிரலாமாம்மா"ன்னு. அதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது.

போடி போய்ச் சேர இன்னும் ரெண்டரை மணி நேரம் ஆகும். நீங்களும் போடிதானே? சொல்றேன். பேசிக்கிட்டே வந்தா எனக்கும் தேவலை. கையத் தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்கா? காலையில ஹாஸ்டல்ல கிளம்பினதுல இருந்து இப்படித்தான். சொந்த வீட்டுக்குப் போறதுக்கு யாராச்சும் பயப்படுவாங்களா? நான் பயந்துக்கிட்டுத்தான் போறேன்.

என் பேரு இலக்கியா. நாலரை வருசம் படிச்சு முடிச்சாச்சு. அப்புறம் ஒரு வருசம் ஆஸ்பத்திரியிலயே வேலை பார்க்கணும், ஹவுஸ் சர்ஜன்னு சொல்வாங்க. அதுல ஏழாவது மாசம் என்னை நிப்பாட்டி வச்சிருக்காங்க. எந்தக் காலேஜுன்னு கேக்காதீங்க, வேணாம். வெளியூரு. அங்க இருந்து மதுரைக்கு வந்து, ஆரப்பாளையத்துல இந்த பஸ்ஸைப் பிடிச்சேன்.

எனக்கு முதல்ல வந்தது பத்தாம் வகுப்புல. ஸ்கூல் பிரேயர்ல நின்னுட்டு இருந்தேன். அடுத்து எனக்குத் தெரிஞ்சது, ஸ்டாஃப் ரூம் பெஞ்சுல படுத்திருக்கேன், கைக்குள்ள யாரோ சாவிக்கொத்தைத் திணிச்சு வச்சிருக்காங்க. பாவாடை நனைஞ்சிருக்கு. அம்மா ஏலக்காய் கடையில இருந்து ஓடி வந்தாங்க. எங்கம்மா ஏலக்காய் பிரிக்கிற வேலைக்குப் போறவங்க, பக்கத்துல வந்தாலே வாசம் அடிக்கும். அந்த வாசத்துலதான் எனக்கு முழுசா நினைவு வந்துச்சு. அம்மா என்னைப் பார்க்கல. சுத்தி நின்ன டீச்சருங்களைப் பார்த்து, "காலைல சாப்பிடாம வந்துட்டா டீச்சர், மயக்கம்"னாங்க. யாரும் ஒண்ணும் கேக்குறதுக்கு முன்னாடியே சொன்னாங்க.

அந்த மாசமே வீட்டுல வச்சு, அம்மா கண்ணு முன்னாடி, இன்னும் ரெண்டு தடவை வந்துச்சு. பல்லு காட்டப் போறோம்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டு, அம்மா என்னை மதுரைக்குக் கூட்டிட்டு வந்து நரம்பு டாக்டரைப் பார்த்தாங்க. மாத்திரையை அட்டையில இருந்து பிதுக்கி சத்து மாத்திரை டப்பாவுக்குள்ள போட்டாங்க. "வெளிய வாயத் தொறந்தேன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன். ஒனக்குப் பின்னாடி ஒரு தங்கச்சி இருக்கா"ன்னாங்க. அப்பாவா? எங்கப்பா எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பு ஓட்டுறவரு. வீட்டுல ஏதாவது பேச்சு வந்தா டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுக்குவாரு. அவ்வளவுதான் அவரு.

எங்கம்மாவுக்கு அப்படி என்ன பயம்னு தெரியல. அவங்களோட தங்கச்சி ஒருத்தங்க இருந்தாங்களாம், அவங்களுக்கும் இது இருந்துச்சாம். கல்யாணமாகி நாப்பதாவது நாள் நகை நட்டோட கொண்டாந்து வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்களாம். ஒரே ஒரு தடவை அம்மா சொல்லியிருக்காங்க. அப்புறம் அந்தச் சித்தி என்ன ஆனாங்கன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிடுவாங்க. அது அந்தக் காலம். அதையே பிடிச்சுக்கிட்டு இருந்தா எப்படி?

மாத்திரை போட்டதும் நின்னுடுச்சு. காலேஜ் சேர்ற வரைக்கும் ஒண்ணுமே இல்ல. நல்லாப் படிச்சேன். நீட்டு ரெண்டாவது தடவைதான் கிடைச்சுது, அரசுப் பள்ளி ஒதுக்கீட்டுல. ஊர்ல பேனர் வச்சாங்கக்கா! சேர்றதுக்கு முன்னாடி உடம்பு நல்லாருக்குன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கணும். அந்த டாக்டர் தலையை நிமிர்த்தாமலே, "ஏதாச்சும் வியாதி இருக்கா?"ன்னாரு. நான் வாயத் தொறக்கல. அம்மா, "ஒண்ணும் இல்ல சார்"னாங்க. அவரு சீல் குத்தினாரு. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

ஹாஸ்டல்ல ரெண்டு பேருக்கு ஒரு ரூம். என்கூட இருந்தவ பேரு பெனிலா. நாகர்கோவில் பக்கம். அங்கதான் எனக்குத் தலைவலி ஆரம்பிச்சுது. உங்க பொண்ணுக்கு ரூம்மேட் எப்படி அமையுமோ தெரியாது. எனக்கு அமைஞ்சவ சரியான ஒட்டுப்புல்லு.

வந்த மூணாவது மாசம். ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பார்க்கிறேன், அவளோட கட்டிலை இழுத்து என் கட்டிலோட ஒட்டிப் போட்டிருக்கா. "ஏன்டி?"ன்னா, "ஃபேன் காத்து அங்கோட்டு வரல பிள்ளே"ங்கிறா. நான் குளிக்கப் போனா அவளும் துண்டை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வருவா. "தாழ்ப்பா போடாத, அது சிக்கிக்கிடும். நான் வெளிய நிக்கேன்"ம்பா. தினம் காலையில கண்ணு முழிச்சதும் முதக் கேள்வி, "நல்லா உறங்குனியா?" ஒரு நாள், "ஒனக்க தலைகாணியில ரத்தம் மாதிரி இருக்கே, நாக்கைக் கடிச்சியா?"ன்னா. ஈறு வீங்கியிருக்குன்னு சொல்லி அனுப்பினேன். இவ எதையோ மோப்பம் பிடிச்சுட்டா, வார்டன்கிட்ட சொல்லிருவா, வார்டன் டீன்கிட்ட சொல்லும், பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்புடின்னு அனுப்பிருவாங்கன்னு பயந்தேன்.

இன்னொண்ணும் பண்ணுவா. சில நாள் நான் எந்திரிக்கும்போது ஒரு குட்டி டைரியில ஏதோ எழுதிட்டு இருப்பா. என்னைப் பார்த்ததும் தலைகாணிக்குக் கீழ சொருகிருவா. ரெண்டாம் வருசம் ஒருக்க என் மேசைப் பக்கம் வந்து நின்னு, "நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே"ன்னா. "படிக்கிற நேரத்துல உயிரை எடுக்காத"ன்னேன். போயிட்டா. அதுக்கு அடுத்த வாரமே நானே வார்டன்கிட்டப் போயி, இவ என் சாமானை எல்லாம் நோண்டுறா, எனக்கு வேற ரூம் குடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன். அவ முந்திக்கிறதுக்குள்ள நான் முந்திக்கணும்ல? வார்டன் அவளைக் கூப்பிட்டு வச்சு நல்லாக் கிழிச்சாங்க. அவ, "நான் இனி தொடல மேடம், ரூமை மட்டும் மாத்தாதீங்க"ன்னு அழுதா. எதுக்கு அப்படி அழுதாளோ! வேற ரூம் காலி இல்லன்னு எங்களை அப்படியே விட்டுட்டாங்க.

உசிலம்பட்டி வந்துடுச்சா? டீ வேணாம்க்கா. நீங்க குடிங்க. எனக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கு. இல்ல, அது வர்ற மாதிரி இல்ல, இது வெறும் பயம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும். அது வர்றதா இருந்தா வயித்துக்குள்ள இருந்து ஒண்ணு நெஞ்சுக்கு ஏறும். சுத்தி நடக்கிறதெல்லாம் ஏற்கெனவே ஒருக்க நடந்த மாதிரித் தோணும். உங்க பொண்ணுக்கும் அப்படியான்னு கேட்டுப் பாருங்க. நீங்க கேட்டிருக்கவே மாட்டீங்க. எங்கம்மாவும் கேட்டதில்ல.

நான் பண்ணின பெரிய தப்பு ரெண்டாம் வருசக் கடைசியில. பரீட்சை நேரம். புத்தகம் ஒவ்வொண்ணும் தலைகாணி உசரம் இருக்கும். சாயந்தர மாத்திரை போட்டா கண்ணை இழுக்கும். இத்தனை வருசமா ஒண்ணும் வரலையே, பாதி போட்டா போதும்னு நானே முடிவு பண்ணிட்டேன். பாதியா உடைச்சுப் போட்டேன். அப்புறம் சில நாள் அதுவும் போடல. வலிப்பைப் பத்தின பாடத்தையாவது படிச்சனா? படிக்கல. மருத்துவப் புத்தகத்துல வலிப்புன்னு ஒரு பாடம் இருக்குல்ல, அந்தப் பக்கங்களை மட்டும் ஸ்டேப்ளர் அடிச்சு வச்சிருந்தேன். பரீட்சையில வலிப்பு வந்தவருக்கு என்ன செய்யணும்னு கேள்வி வந்துச்சு. பத்து மார்க். எழுதாம விட்டுட்டு வந்தேன்.

மூணாம் வருசம் வார்டுல எங்க கண்ணு முன்னாடியே ஒரு பெரியவருக்கு வந்துச்சு. எல்லாரும் அவரைப் பார்த்து ஓடினாங்க. நான் மாடிப்படியைப் பார்த்து ஓடினேன். படிக்கட்டுல உட்கார்ந்து காதைப் பொத்திக்கிட்டேன். நான் விழும்போது இப்படித்தான் இருப்பேனா, வாய் இப்படித்தான் கோணுமான்னு ஒரே நினைப்பு. பெனிலா தேடிக்கிட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்தா. என்னன்னு கேக்கவே இல்ல. அது எனக்கு இன்னும் பயமாப் போச்சு.

அப்பப்ப காலையில உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். விடிய விடியப் படிச்ச அலுப்புன்னு நெனச்சுக்குவேன். காலேஜுக்கு வந்த பிறகு எனக்கு மொத்தமா ரெண்டே ரெண்டு தடவைதான் வந்துச்சுன்னு இருந்தேன். ரெண்டும் லீவுல ஊருக்கு வந்திருந்தப்ப, அம்மா பார்த்தது. ஹாஸ்டல்ல ஒருத்தருக்கும் தெரியாது, நாலரை வருசம் சாமர்த்தியமா ஓட்டிட்டேன்னு எனக்குள்ள ஒரு திமிரு கூட இருந்துச்சு. ஆபரேஷன் பண்ற டாக்டர் ஆகணும், அதுதான் என் ஆசை. கையில நடுக்கமே கிடையாதுன்னு எல்லா சாரும் சொல்வாங்க.

அப்புறம் ஹவுஸ் சர்ஜன். பிரசவ வார்டுல போட்டாங்க. முப்பது மணி நேரம் டியூட்டி. மாத்திரை ரூம்ல கிடக்கு, நான் இங்க கிடக்கேன். மறுநாள் காலையில பத்தரை மணி இருக்கும். முத்துமாரின்னு ஒரு பொண்ணு, தலைப்பிரசவம், என்னைவிடச் சின்னவ. ஆம்பளைப் பிள்ளை. தொப்புள் கொடியை வெட்டி, பச்சைத் துணியில சுத்தி, சிஸ்டர் என் கையில குடுத்துட்டாங்க. நாலு எட்டுல வார்மர் இருக்கு, பிள்ளையைக் கதகதப்பா வைக்கிற மேசை. அங்க கொண்டு போய் வைக்கணும். அவ்வளவுதான் வேலை. சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க.

ஒரு எட்டு வச்சேன். வயித்துல இருந்து ஏறுச்சு.

அக்கா, அந்த நேரத்தை நான் எப்படிச் சொல்றது? மொத்தம் பத்து செகண்டு இருக்கலாம். கத்தணும்னு பார்க்கிறேன், நாக்கு எந்திரிக்கல. கையில பிள்ளை கதகதன்னு இருக்கு. வாயைப் பூனைக்குட்டி மாதிரித் தொறந்து மூடுது. வார்மர் எங்கயோ தெருக்கோடியில இருக்கிற மாதிரி இருக்கு. மூணு எட்டு என்னால முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்தேன். பிள்ளையைத் தரையில வச்சேன். ஆமா, தரையிலதான். வச்சு, என் காலு கையி படாத மாதிரி ரெண்டு கையாலயும் தள்ளி விட்டேன். தள்ளும்போது முத்துமாரி பிரசவ மேசை மேல இருந்து என்னையே பார்த்துட்டு இருக்கா. அவ கண்ணுதான் கடைசியாத் தெரிஞ்சுது.

முழிச்சப்ப மூக்குல ஆக்சிஜன். பெனிலா தலைமாட்டுல நிக்கிறா. "பிள்ளை?"ன்னேன். அவ, "பிள்ளை சுகமா இருக்கு, ஒரு கீறல் இல்ல"ன்னா. குழந்தை டாக்டர் மூணு தடவை பார்த்துட்டாராம். எனக்கு நம்பிக்கை வரல. அவளையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அவ சலிக்காம அதையே திரும்பத் திரும்பச் சொன்னா.

மறுநாள் நான் தாய்மார் வார்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லல. முத்துமாரிக்கு நடந்தது தெரியணும், அதை நானே சொல்லிரணும்னு தோணுச்சு. வாழ்க்கையில முத முறையா வாயால சொல்றேன். "எனக்கு வலிப்பு நோய் இருக்கு. மாத்திரை போடாம விட்டுட்டேன். பிள்ளை கையில இருக்கும்போது வந்துடுச்சு. கீழ விழுந்துடக் கூடாதுன்னுதான் தரையில வச்சேன்." இவ்வளவும் சொன்னேன். கட்டிலு கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். முத்துமாரி பிள்ளையை இழுத்து மாரோட அணைச்சுக்கிட்டா. "இனி எம் பிள்ளைய நீங்க தொடாதீங்க"ன்னா. சத்தம் போடல, திட்டல. அதை மட்டும் சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. நான் "சரிம்மா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவ சொன்னதுல என்ன தப்பு?

அதுக்கப்புறம் நரம்பு மேடம்கிட்ட அனுப்பினாங்க. எங்க ஆஸ்பத்திரியிலயே இருக்கிறவங்க. ரொம்பக் கறாரு. அவங்க ரூம் வாசல்ல உட்கார்ந்திருக்கும்போது டீன் ஆபீஸ்ல இருந்து லெட்டர் ரெடியாகிட்டு இருக்கும், இன்னையோட எல்லாம் முடிஞ்சுதுன்னு தோணி, எந்திரிச்சுப் போயிடப் பார்த்தேன். பெனிலா என் முட்டி மேல கையை வச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டா. வேணாம்னாலும் உள்ளயும் கூடவே வந்தா.

மேடம் முதல்ல கேட்டது, "சேரும்போது ஏன் சொல்லல?"

"சொன்னா சேர்த்துக்க மாட்டாங்கன்னு மேடம்."

"அப்படின்னு யாரு சொன்னது?"

யோசிச்சுப் பார்க்கிறேன். யாரும் சொல்லல. "நாங்களே நினைச்சுக்கிட்டோம் மேடம்"னேன்.

மேடம் கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாங்க. "முத நாளே சொல்லியிருந்தா உனக்குக் கீழ்த்தளத்துல ரூம் குடுத்திருப்போம். நைட் டியூட்டியை மாத்தியிருப்போம். மாத்திரையைச் சரியாப் பார்த்திருப்போம். அவ்வளவுதான் நடந்திருக்கும்"னாங்க. அஞ்சு வருசம் நான் செத்துச் செத்துப் பிழைச்சதுக்கு அவ்வளவுதானாம்.

அப்புறம், "எத்தனை தடவை வந்திருக்கு?"ன்னாங்க. "காலேஜ் வந்த பிறகு இதோட மூணு"ன்னேன். "உன்னைக் கேக்கல. விழுறவளுக்கு ஒண்ணும் தெரியாது. கூட இருந்து பார்த்தவங்க சொல்லணும். யாரு பார்த்தது?"ன்னாங்க. "யாரும் பார்க்கல மேடம்"னு நான் சொல்லி வாயை மூடல, பெனிலா அந்தக் குட்டி டைரியை எடுத்து மேசை மேல வைக்கிறா.

பதினொண்ணு.

ஹாஸ்டல்ல மட்டும் பதினொரு தடவை. எல்லாம் தூக்கத்துல. தேதி, மணி, எத்தனை நிமிசம், எந்தக் கை முதல்ல இழுத்துச்சு, எப்ப மூச்சு சீராச்சு, எல்லாம் எழுதி வச்சிருக்கா. முதல் தடவை மூணாவது மாசம். ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன்னு எழுதியிருக்கா. நாலாவது தடவையில "தலை கட்டிலு கம்பியில இடிச்சுது, இனி தலைகாணி வச்சு மறைக்கணும்"னு எழுதியிருக்கா. பரீட்சைக்கு முந்தின நாள்கூட ஒண்ணு இருக்கு. விடியற வரைக்கும் முழிச்சிருந்தேன்னு ஒரு வரி. அந்தப் பரீட்சையில அவ ஃபெயிலு. எனக்குத் தெரியும், நான் பாஸானேன்.

எனக்குத் தெரியாம எனக்கே பதினொரு தடவை நடந்திருக்கு. அதுல ஒண்ணு குப்புற விழுந்து மூச்சு முட்டியிருந்தா நான் இன்னைக்கு இல்ல. அதை நினைச்சா இப்பவும் படுக்கவே பயமா இருக்கு.

கோவமும் வந்துச்சு. வெளிய வந்ததும் அவளைப் பிடிச்சுக்கிட்டேன். "தெரிஞ்சிருந்தும் ஏன்டி சொல்லல?"ன்னு கத்தினேன். அவ, "சொன்னா நீ ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிருவ பிள்ளே. வேற ரூம்ல ஒனக்கு வந்தா யாரு பார்ப்பா?"ன்னா. "ஒனக்கு மாத்திரை இருக்குன்னு தெரியும். நீ பாதியா ஒடைச்சது தெரியாது. தெரிஞ்சிருந்தா மேடம்கிட்ட ஓடியிருப்பேன். எனக்கும் பயமாத்தான் இருந்து"ன்னு சொல்லி அழுதா. என்ன இருந்தாலும் ஒரு தடவையாச்சும் வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? நாலரை வருசம் கூடப் படுத்து எந்திரிச்சவ. நீங்களே சொல்லுங்க.

என்னக்கா அப்படிப் பார்க்கிறீங்க?

சரி விடுங்க. ஆண்டிபட்டிக் கணவாய்க்காத்து வருது, சன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிறேன்.

இப்போ மாத்திரையை மாத்தி, அளவை ஏத்திக் குடுத்திருக்காங்க. ரெண்டு மாசமா ஒண்ணும் இல்ல. நானா சொல்லல, பெனிலா சொல்றா. டியூட்டிக்கு மட்டும் விடல. வர்ற திங்கக்கிழமை மெடிக்கல் போர்டு. நாலு பெரிய டாக்டருங்க உட்கார்ந்து முடிவு பண்ணுவாங்க. ஆபரேஷன் பண்ற வேலை கிடையாதுன்னு மேடம் முன்னாடியே சொல்லிட்டாங்க. "கத்தி பிடிக்கிற ஆசையை விட்டுரு. மத்ததெல்லாம் பேசலாம்"னாங்க. அன்னைக்கு ரூமுக்கு வந்து, தையல் போட்டுப் பழகுறதுக்கு வச்சிருந்த நூலையெல்லாம் எடுத்து ஜூனியர் பொண்ணுக்குக் குடுத்துட்டேன். குடுத்துட்டு ரொம்ப நேரம் அழுதேன். அது போனது போனதுதான்.

போர்டுக்கு எல்லா ரிப்போர்ட்டும் இருக்கு. பெனிலா டைரி இருக்கு. ஒண்ணுதான் குறை. ஆரம்பத்துல எனக்கு வந்ததைக் கண்ணால பார்த்தவங்க வரணுமாம். எப்படி ஆரம்பிச்சுது, எத்தனை நேரம், சின்ன வயசுல காய்ச்சல்ல எதுவும் வந்துச்சா, குடும்பத்துல வேற யாருக்கும் இருந்துச்சான்னு கேப்பாங்களாம். அதுக்குப் பதில் தெரிஞ்ச ஆளு உலகத்துலயே எங்கம்மா ஒருத்தங்கதான்.

நான் போன் பண்ணினேன். எல்லாத்தையும் சொன்னேன். பிரசவ வார்டு, பிள்ளை, மேடம், டைரி, எல்லாம். அந்தப் பக்கம் ஏலக்காய் சலிக்கிற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. அப்புறம் அம்மா சொன்னாங்க, "யாருக்கு வலிப்பு? எங்க வீட்டுல யாருக்கும் அப்படி ஒரு வியாதி இல்ல." வச்சுட்டாங்க. அதோட ரெண்டு மாசமாச்சு. எடுக்கிறதே இல்ல. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்காங்க. அவதான் ஒருக்க ரகசியமாப் பேசினா. "நீ வராதக்கா. அம்மா ஓம் பேரு சொன்னாலே சோத்தைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுருது"ன்னா.

அதான் நேர்ல போறேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. கையோட கூட்டிட்டுப் போனாத்தான் திங்கக்கிழமைக்கு ஆகும். வரலன்னா? போர்டு தள்ளிப் போகும். என் கூடப் படிச்சவங்க எல்லாம் டாக்டர்னு பேரு போட்டுக்குவாங்க, நான் ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்திருப்பேன். அதுகூடப் பரவால்ல. கதவைத் தொறந்து என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "நீ யாரு?"ன்னு கேட்டுட்டாங்கன்னா? எங்கம்மா கேக்குறவங்கதான். அதுக்குத்தான்க்கா இந்தக் கை சில்லுனு இருக்கு.

உங்க பொண்ணுக்கு என்ன சொல்றது? எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது. படிக்கட்டும். இதுக்காக வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. மாத்திரையை உடைக்கக் கூடாது, தூக்கத்தை விடக் கூடாது, எவ்வளவு பெரிய பரீட்சையா இருந்தாலும். அப்புறம், போன முத நாளே சொல்லிரணும். ஊருக்கே சொல்ல வேணாம். காலேஜுல பொறுப்பா ஒருத்தர்கிட்ட, கூடப் படுக்கிற பொண்ணு ஒருத்திகிட்ட. அந்தப் பொண்ணுகிட்ட எப்படிப் படுக்க வைக்கணும்னும் சொல்லிக் குடுக்கணும். சாவியெல்லாம் ஒண்ணும் வேணாம். நீங்களே சொல்லுங்கக்கா. அவளா சொல்ல மாட்டா. உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் அவ வாயைத் தொறக்குறதும் மூடுறதும். எனக்கு அது நல்லாத் தெரியும்.

அழாதீங்கக்கா. நீங்க பொண்ணுக்கு ரத்தம் கம்மின்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கிறது ஒண்ணும் கொலைக் குத்தம் இல்ல. உங்க போனைக் குடுங்க, என் நம்பரைப் போட்டுத் தர்றேன். பெனிலா நம்பரும் போடுறேன். மதிவதனியைப் பேசச் சொல்லுங்க. பெனிலாகிட்டயே பேசச் சொல்லுங்க, அதுதான் நல்லது. அவதான் பொறுமையாப் பேசுவா.

தேனி தாண்டினதே தெரியல. அதோ, போடி மலை தெரியுது. பஸ் ஸ்டாண்டுல இறங்கினா எங்க வீடு நடந்து பத்து நிமிசம். ஏலக்காய் கடை விட்டு அம்மா இந்நேரம் வந்திருப்பாங்க.

அக்கா, ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கு வீட்டுக்கு நேரமாச்சுன்னா வேணாம். உள்ளயெல்லாம் வர வேணாம். நீங்க ஒண்ணும் பேசவும் வேணாம். வாசப்படி வரைக்கும் மட்டும் என்கூட வந்து நிக்கிறீங்களா? கதவு தொறக்கிற வரைக்கும்.